வராதவரைத் தேடும் பேரேடு

சென்ற உப்புப் பருவத்தில் ஒரு நாள் முற்பகல் நமது சங்க அலுவலகத்திற்குக் கடன் தவணை செலுத்த ஒரு பெரியவர் வந்திருந்தார். அளத்தில் உப்பு வாரிவிட்டு நேரே வந்தவர். பணத்தை எண்ணி வைத்து, ரசீதைப் பெற்று இடுப்பில் செருகிக்கொண்டு அவர் திரும்பியபோது, வாசலிலிருந்து மேசை வரையில் சிமெண்டுத் தரையில் ஒற்றைக் காலின் சுவடு மட்டும் செந்நிறமாகப் பதிந்திருப்பதைக் குமாஸ்தா கண்டார். “ஐயா, உங்கள் காலில் இரத்தம் வருகிறதே!” என்றார். பெரியவர் குனிந்து பார்த்தார். உள்ளங்காலில் கிளிஞ்சல் துண்டு ஒன்று புதைந்திருந்தது. அதை விரலால் பிடுங்கி எறிந்துவிட்டு, “வலிக்கவில்லையே தம்பி, வலித்தால்தானே புண்?” என்று கூறிச் சிரித்தார்.

அவருக்கு நீரிழிவு நோய் உண்டு. அது அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் நமது சங்கமே நடத்திய மருத்துவ முகாமில்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. அன்று அவர் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போகும்படி சொல்லி அனுப்பினோம். போனாரா, மருந்து உண்டாரா, எத்தனை மாதம் உண்டார் என்று அதன் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. பருவம் முடிவதற்குள் அவருடைய கால்விரல்கள் இரண்டு எடுக்கப்பட்டன. இடையில் அவர் ஒரு தவணை தவறியபோது மட்டும் சங்கத்திலிருந்து மூன்று அறிவிப்புகள் அவர் வீட்டிற்குச் சென்றன என்பதையும் இங்கே குறிப்பிடாமலிருக்க முடியவில்லை.

முகாம் நடத்தியவர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அப்போது நிர்வாகக் கமிட்டியில் நானும் இருந்தேன். பந்தல் போட்டவர்களுள் நானும் ஒருவன். எத்தனை பேருக்கு இரத்தம் சோதிக்கப்பட்டது என்பதை ஆண்டறிக்கையில் பெருமையுடன் அச்சிட்டோம். சோதனையில் நோய் உண்டெனக் கண்டவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்ற கேள்வி எங்களில் ஒருவருக்கும் எழவில்லை. நெசவாளரும் பயிரிடுவோரும் அங்கத்தினராயுள்ள நமது சங்கத்தில், ஒரே குடும்பத்தில் ஒருவர் தறியிலும் ஒருவர் மணிலாக் கொல்லையிலும் ஒருவர் அளத்திலும் உழைப்பதைக் காண்கிறோம். அம்மூவரில் எவருக்கு நோய் வந்தாலும் கடனும் வட்டியும் அக்குடும்பத்தையே பற்றிக்கொள்ளும். ஆகவே இது சங்கத்தின் கணக்கிலும் சேர்ந்த விஷயமே.

நீரிழிவைக் கண்டுபிடிப்பது வேறு, நீரிழிவு உள்ளவரை ஆண்டு தவறாமல் பராமரிப்பது வேறு. முன்னதில் நம் நாடு ஓரளவு முன்னேறியிருக்கிறது. பின்னதில் நாம் எவ்வளவு பின்தங்கியுள்ளோம் என்பதைச் சில எண்களால் அறியலாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடந்த பேராய்வு ஒன்றின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டில் வெளியாயின. அதன்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது. இருபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14.4 பேருக்கும், நமக்குத் தெற்கே அண்மையிலுள்ள புதுச்சேரியில் நூற்றுக்கு 26.3 பேருக்கும் இந்நோய் இருப்பதாகக் கண்டனர். புதுச்சேரி வேறு ஆட்சிப் பகுதியாயினும் அங்குள்ளோர் உண்ணும் சோறும் நாம் உண்ணும் சோறும் ஒன்றே. அந்த எண்ணை நாம் அயலார் எண்ணாகக் கருதலாகாது.

இதைவிட என் மனத்தை வருத்தியது மற்றோர் எண். தமிழ்நாடு அரசு 2020-இல் நடத்திய கணக்கெடுப்பில், நீரிழிவு உள்ளவர்களில் நூற்றுக்கு 10.8 பேருக்கே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. மீண்டும் 2023-24-இல் எடுத்த கணக்கில் அது 16.7 ஆக உயர்ந்தது. உயர்ந்ததில் மகிழ்ச்சியே. ஆயினும் நூறு பேரில் எண்பத்து மூவர் இன்னும் கட்டுக்கு வெளியே நிற்கின்றனர். 2022-ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவை வகுத்த இலக்கோ, 2030-க்குள் நோய் கண்டறியப்பட்டவர்களில் நூற்றுக்கு 80 பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது. நூற்றுக்குப் பதினேழு பங்கு மட்டும் வசூலாகும் ஒரு கடன் சங்கத்தைத் தணிக்கையாளர் என்னவென்று எழுதுவார் என்பதைக் கூட்டுறவாளர்களாகிய நமக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மருந்து கிடைக்காமையா இதற்குக் காரணம்? முழுவதும் அப்படிக் கூறிவிட முடியாது. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோதித்து மாத்திரை அளித்து வந்துள்ளனர். 2024-இல் ஐக்கிய நாடுகளின் விருதொன்றும் அத்திட்டத்திற்குக் கிடைத்தது. 2025 பிப்ரவரி 24-ஆம் நாள் ஆயிரம் ‘முதல்வர் மருந்தகங்கள்’ திறக்கப்பட்டன. அவற்றில் பாதியைக் கூட்டுறவுச் சங்கங்களே ஏற்று நடத்த முன்வந்தன என்பது நமக்குப் பெருமை தருவது. மாத்திரை மலிவாயிற்று, சில இடங்களில் இலவசமும் ஆயிற்று. அப்படியிருந்தும் நமது பெரியவரின் விரல்கள் போயின.

மாத்திரை கொடுப்பது நீரிழிவுப் பராமரிப்பில் ஒரு பகுதியே. எஞ்சியவை எவை? மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி என்னும் சோதனை ஆண்டுக்கு இரு முறையேனும் செய்யப்பட வேண்டும். இரத்தத்தின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அந்நாட்களில் அதன்மீது படிந்த சர்க்கரையை இச்சோதனை அளக்கிறது. ஆகவே முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து வைத்தியரை ஏமாற்ற இதில் வழியில்லை. இரத்த அழுத்தத்தை வரும்போதெல்லாம் பார்க்க வேண்டும். கண்மணியை மருந்தால் விரித்து விழித்திரையை ஆண்டுக்கொரு முறை பார்க்க வேண்டும். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று ஆண்டுக்கொரு முறை சோதிக்க வேண்டும். காலைச் செருப்பின்றிக் கழுவித் துடைத்து, விரலிடுக்கு உட்படப் பார்க்க வேண்டும். இவை யாவும் அரிய வித்தைகளல்ல. இன்ன மாதம் இன்னாருக்கு இன்ன சோதனை வரவேண்டும், அவர் வரவில்லை என்பதைக் கவனித்துத் தேடிச் செல்ல ஓர் ஆள் இல்லாததே பெருங்குறை.

இதற்குச் சான்று நமக்கு அருகிலேயே கிடைக்கிறது. மரக்காணத்திற்கு வடக்கே செய்யூர் வட்டத்திலுள்ள சூணாம்பேடு நம்மிற் பலர் அறிந்த ஊர். அதனைச் சுற்றியுள்ள 42 கிராமங்களில், சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தின் டாக்டர் வி. மோகனும் அவர் குழுவினரும், உலக நீரிழிவு அறக்கட்டளையின் உதவியோடு ஒரு திட்டம் நடத்தினர். விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணைப்புப் பெற்ற வண்டியொன்று ஊர் ஊராகச் சென்றது. விழித்திரையின் படத்தை வண்டியிலிருந்தே எடுத்துச் சென்னைக்கு அனுப்பினர். பெரியோர் தொகையில் நூற்றுக்கு 86 பேருக்கு மேல் சோதிக்கப்பட்டனர். ஊரிலேயே ஒரு நீரிழிவு நிலையமும் அமைந்தது. 2012-இல் வெளியான அவர்களது அறிக்கையின்படி, நோயுற்றோரின் எச்பிஏ1சி சராசரி ஓராண்டில் 9.3-இலிருந்து 8.5-க்கு இறங்கியது. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவே.

0.8 என்பது அற்பமாகத் தோன்றலாம். இங்கிலாந்தில் 1977-இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடந்த பேராய்வொன்றின் கணக்கை இதனருகில் வைத்துப் பார்க்க வேண்டும். எச்பிஏ1சி ஒரு புள்ளி குறைவாக உள்ளவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெடுவதால் வரும் கேடுகள் நூற்றுக்கு 37 பங்கு குறைவு என்று அதில் கண்டனர். சூணாம்பேட்டில் ஓராண்டில் பெற்ற இறக்கம் அதனோடு ஒப்பிடத் தக்கதே. செயற்கைக்கோள் வண்டி நம்மிடம் இல்லையே என்று சிலர் கூறுவர். படம் சென்னைக்குப் போக வண்டி உதவியது, மெய்தான். ஆனால் 42 கிராமங்களில் ஏறக்குறைய எல்லோரையும் வரவழைத்தது ஊர் ஊராகச் சென்று அழைத்தவர்களின் உழைப்பென்றே நான் கருதுகிறேன்.

மற்றொரு சான்று இந்தியாவிலும் பாகிஸ்தானத்திலும் உள்ள பத்து மருத்துவ நிலையங்களில் 1,146 நோயாளிகளிடையே நடந்த பரீட்சை. அதன் முடிவு 2016-இல் வெளியாயிற்று. ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதியினருக்கு அதே மருத்துவர்கள், அதே மருந்துகள். கூடுதலாக இரண்டு மட்டும். வைத்தியர் அல்லாத ஓர் ஊழியர் ஒவ்வொருவரையும் தொடர்ந்து விசாரித்து வந்தார். சோதனை முடிவுகளையும் அடுத்துச் செய்யவேண்டியதையும் மருத்துவருக்கு நினைவூட்டும் மின்னணுக் குறிப்பேடு ஒன்றும் இருந்தது. இரண்டரை ஆண்டுக்குப் பின் சர்க்கரையோடு இரத்த அழுத்தமோ கொழுப்போ சேர்ந்து இலக்கை எட்டியவர்கள் முதற் பாதியில் நூற்றுக்கு 8.1, மறு பாதியில் 18.2. இரு மடங்குக்கும் மேல். அங்கேயும் நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேல் ஏறவில்லையே என்று கேட்பவர்க்கு, ஆம், ஏறவில்லை என்பதே என் பதில். இது ஓராண்டில் முடியும் வேலையன்று. ஆனால் ஒரு குமாஸ்தாவும் ஒரு பேரேடும் பலனை இரு மடங்காக்கின என்பதைக் கேட்டும் கூட்டுறவுச் சங்கம் வாளாவிருந்தால், அக்கலையில் தேர்ந்த வேறு எவரை நாம் தேடிச் செல்வது?

நமது கடற்கரைக்கே உரிய சில செய்திகளை இனிக் கூறவேண்டும். சென்னையிலிருந்து எழுதப்படும் எந்தப் புத்தகத்திலும் இவை இருப்பதில்லை.

அளத்து வேலை விடியுமுன் தொடங்குகிறது. வெயில் ஏறுமுன் உப்பை வாரிக் கரையேற்றியாக வேண்டும். மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ வீட்டை விட்டுப் புறப்படுபவர் ஒரு குவளைத் தேநீரோடு போகிறார். சீட்டில் ‘காலை உணவுக்கு முன்’ என்று எழுதிய மாத்திரையை அவர் எப்போது உண்பது? சிலர் புறப்படும்போதே விழுங்கிவிடுகின்றனர். சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளும் இன்சுலினும் வெறும் வயிற்றில், கடும் உழைப்பின் நடுவே, சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருளும். அளத்தில் எல்லோர்க்கும் வியர்க்கிறது. ஆகவே அருகிலிருப்போர் வெயில் மயக்கம் என்று எண்ணி நிழலில் கிடத்துவர். அவ்வேளை வேண்டுவது ஒரு பிடி சர்க்கரையோ இனிப்பு நீரோ. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மடியில் சிறிது வெல்லம் வைத்திருக்கும் பழக்கம் அளத்திற்குச் செல்லும் ஒவ்வொரு நீரிழிவுக்காரருக்கும் வேண்டும். அதைவிட முக்கியம், தாம் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார் என்பதை மருத்துவரிடம் அவர் சொல்லவேண்டும். மருத்துவரும் கேட்கவேண்டும். நெரிசல் மிகுந்த புறநோயாளர் பகுதியில் அந்த ஒரு கேள்விக்கு நேரம் இருப்பதில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தால் அளம் மூடப்படுகிறது. அதுவரை நாள்தோறும் பளு இழுத்த உடல் சில மாதம் திண்ணையில் இருக்கிறது. உணவு மட்டும் மாறுவதில்லை. கையில் காசு குறைவதால் காயும் மீனும் குறைந்து சோறே மிகுகிறது. மாத்திரை அதே அளவு. கோடையில் சரியாக இருந்த சர்க்கரை மார்கழியில் ஏறிவிட்டால் அது மருந்தின் குற்றமன்று. நெசவாளர் நிலை இதற்கு நேர்மாறு. பண்டிகைக்கு முன் இரவும் பகலும் தறிக்குழியில் இருக்கிறார். உட்கார்ந்த வேலையாயினும் அப்போது வேளைக்கு உணவில்லை. பயிரிடுவோர்க்கு நடவும் அறுவடையும் உண்டு. ஆகவே நம்மவர் ஒவ்வொருவருக்கும் எச்பிஏ1சி சோதனையைத் தொழிலின் பருவம் பார்த்து வைக்கவேண்டும் என்பது என் யோசனை. அளத்தாருக்கு ஒன்று பருவ நடுவில், மற்றொன்று மழைக் காலத்தின் முடிவில். இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மருத்துவருக்கு உண்மை விளங்கும். அங்கத்தினர் எவரும் தாமாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ துணியலாகாது.

சிறுநீரகத்தைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டு உப்பளங்கள் ஏழில் 352 தொழிலாளரிடையே ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் செய்த ஆய்வில், நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்திருந்தது. வெப்பமும் குடிநீர்ப் பற்றாக்குறையும் அங்கே சேர்ந்து நிற்கின்றன. நம் பெண்கள் அளத்தில் மறைவிடம் இல்லாமையால் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கின்றனர். இவர்களுக்கு நீரிழிவும் சேர்ந்தால் சிறுநீரகம் இரு புறத்திலும் தாக்கப்படுகிறது. அவர்களது சிறுநீர்ச் சோதனையை ஆண்டுக்கொரு முறை கட்டாயம் செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே.

இன்சுலின் போட்டுக்கொள்வோர் வீட்டில் குளிர்பெட்டி இல்லையெனில், ஈர மணல் நிரப்பிய பெரிய மண்பானைக்குள் சிறு மண்கலயம் ஒன்றை வைத்து, மருந்துப் புட்டி நனையாதபடி அதனுள் இட்டு நிழலில் வைக்கலாம். ஓட்டுக்கூரையின் கீழ் அலமாரியில் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இனிக் காலுக்கு வருகிறேன். நீரிழிவு பல ஆண்டு கட்டுக்கு மீறி இருந்தால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகின்றன. முள்ளும் கிளிஞ்சலும் சுட்ட மணலும் தெரிவதில்லை. இவ்வுண்மையின் வரலாற்றில் தமிழ்நாட்டிற்கு ஒரு பங்குண்டு. 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் கைகால்கள் சிதைவதற்கு நோய்க்கிருமி நேரே காரணமன்று, உணர்ச்சியற்ற உறுப்பில் அவர்கள் அறியாமல் படும் காயங்களே காரணம் என்று நிலைநாட்டினார். 1966-இல் அமெரிக்காவில் கார்வில் என்னும் ஊருக்குச் சென்ற பின், அதே அறிவை நீரிழிவு நோயாளரின் பாதத்திற்கும் பயன்படுத்தினார். மரத்த காலுக்கென மென்மையான ரப்பர் அடியிட்ட செருப்பு தைக்கும் கலையும் நம் நாட்டில் தொழுநோய்ப் பணியாளரிடமிருந்தே நீரிழிவு மருத்துவர்க்கு வந்தது. பெரியவர் “வலித்தால்தானே புண்?” என்றபோது எனக்கு நினைவு வந்தது இந்த வரலாறுதான். வலி இல்லாதபடியால்தான் அது பெரும் புண்ணாயிற்று.

கால் மரத்ததா என்று அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. நைலான் இழை ஒன்று போதும். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்த அந்த இழையால், நோயாளியைக் கண்மூடச் சொல்லி உள்ளங்காலில் சில இடங்களில் தொடுவர். தொட்டது தெரியவில்லை என்றால் அக்கால் ஆபத்தில் உள்ளது என்று பொருள். இழையின் பதம் அறிந்த நெசவாளர் குடும்பத்துப் பெண்ணொருத்திக்கு இச்சோதனையைக் கற்பிக்க ஒரு நாள் போதுமானது. ‘பாதம் பாதுகாப்போம்’ என்னும் பெயரில் தமிழ்நாடு அரசும் நீரிழிவுப் பாதத்திற்கெனத் திட்டம் வகுத்துள்ளது. நாம் செய்யவேண்டியது, கால் மரத்தவர்களைக் கண்டு அங்கே அழைத்துச் செல்வது.

அளத்தில் வெறுங்காலோடு நிற்பவரைக் கண்டு, பூட்ஸ் அணியலாகாதா என்று நகரத்தார் கேட்பதுண்டு. அது எளிதாயிருந்தால் எப்போதோ அணிந்திருப்பார்கள். உப்பு நீர் உள்ளே புகுந்துவிட்டால் நாள் முழுதும் கால் அதில் ஊறுகிறது. உள்ளே விழுந்த பரலும் மரத்த காலுக்குத் தெரிவதில்லை. அணிபவர் ஒவ்வொரு முறையும் கவிழ்த்துத் தட்டி, கையை விட்டுப் பார்த்த பிறகே அணிய வேண்டும். அணிந்தாலும் அணியாவிட்டாலும், கரையேறியவுடன் நல்ல தண்ணீரில் கால் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி, வெடிப்பில் மட்டும் எண்ணெய் தடவி, உள்ளங்காலை ஒருவரிடம் காட்ட வேண்டும். வீட்டில் பேரப் பிள்ளைகள் எதற்கு இருக்கிறார்கள்? கழுவுவதற்கு அளத்துக் கரையில் நல்ல தண்ணீர் வேண்டுமே என்பது நியாயமான கேள்வி. அதைக் குத்தகைதாரரிடம் தனித்தனியே கேட்டால் கிடைக்காது, சங்கத்தின் பெயரால் எழுதிக் கேட்க வேண்டும். 2024 ஜனவரியில் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்று பணியிடங்களிலேயே சோதனை செய்யும் திட்டம் தொழிற்சாலைகளில் தொடங்கியது. அளமும் ஒரு பணியிடமே. வீட்டிற்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர், அளத்திற்குப் போய்விட்டவரை எப்படிக் காண்பார்? அளத்துக் கரையிலேயே மாதம் ஒரு நாள் சோதனை வேண்டும் என்று நமது சங்கம் விண்ணப்பிப்பது முறையே.

தறிக்குழியிலும் இதே எச்சரிக்கை வேண்டும். குழிக்குள் வெளிச்சமில்லை, மிதிபலகையில் நாள்தோறும் ஒரே இடம் உராய்கிறது. மரத்த காலில் அந்த உராய்வே புண்ணாகும்.

என் யோசனையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நமது சங்கத்தில் நீரிழிவுப் பேரேடு ஒன்று தொடங்கப்பட வேண்டும். விருப்பமுள்ள அங்கத்தினரும் குடும்பத்தாரும் அதில் எண்ணிட்டுப் பதிவு பெறுவர். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். எச்பிஏ1சி, இரத்த அழுத்தம், கால், கண், சிறுநீர், மருந்து என்று ஆறு பத்திகள். ஏழாவது பத்தியில் அடுத்த சோதனை நாள். நாள் கடந்து பதினைந்து தினம் ஆகியும் வராதவர் பெயர் நிலுவைப் பட்டியலில் ஏறும். அவர் வீட்டிற்கு ஆள் போகும். சோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவ நிலையத்தாருடையவை. மேல்நோக்குத் தேவைப்படின் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி ஜிப்மரும் இருக்கின்றன. நாம் மருத்துவமனை நடத்தப் போவதில்லை. கணக்கு வைக்கப் போகிறோம். வராதவரைத் தேடப் போகிறோம், அவ்வளவே.

இவ்வேலைக்குச் சம்பளம் தந்தாக வேண்டும். அங்கத்தினர் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த ஒரு பெண்ணைப் பகுதி நேரமாக அமர்த்தலாம். தொண்டு என்று பெயரிட்டு ஊதியமின்றி வாங்கும் வேலை மூன்று மாதத்திற்கு மேல் நில்லாது என்பதை நம் நூலகம் மூடிக் கிடப்பதிலிருந்தே அறிகிறோம். செலவுக்குப் பொது நன்மை நிதி இருக்கிறது. கர்நாடகத்தில் 2003-இல் நடைமுறைக்கு வந்த யஷஸ்வினித் திட்டம், கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் சிறு சந்தாச் செலுத்தி அறுவைச் சிகிச்சை பெற வழி செய்தது. பாராட்டத் தக்க முயற்சி. ஆனால் இத்தகைய காப்பீடுகளில் ஒரு விந்தை உண்டு. காலை எடுக்கும் நாளில் பல்லாயிரம் ரூபாய் கொடுக்க நிதி முன்வருகிறது. அந்தக் காலைப் பத்து ஆண்டு பார்த்துக்கொள்ள ஒருவரும் பத்து ரூபாய் கொடுப்பதில்லை.

கமிட்டியில் இதைப் பேசியபோது மூன்று ஆட்சேபணைகள் வந்தன. இது டாக்டர்கள் வேலை என்றார் ஒருவர். மேலே கூறியவை அவருக்கு விடையாகும் என நம்புகிறேன். நோயின் பெயர் வெளியே தெரிந்தால் குத்தகைதாரர் வேலை தரமாட்டார், பெண்ணுக்கு வரன் வராது என்றார் மற்றொருவர். இது மெய்யான அச்சம். நான் இதை எளிதாக எண்ணவில்லை. ஆகவே பேரேடு பூட்டில் இருக்க வேண்டும். கூட்டத்தில் பெயர் வாசிக்கப்படலாகாது. தேடிச் செல்பவர் தெருவில் நின்று நோயைச் சொல்லிக் கூப்பிடலாகாது. பதிவு பெறுபவர் கையெழுத்திட்டுச் சம்மதித்தாலன்றிக் குமாஸ்தாவும் அப்பக்கத்தைப் பார்க்கலாகாது.

மூன்றாவது அங்கத்தினர் கேட்டதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. நோயுள்ளவர் யாரென்று தெரிந்துவிட்டால் கடன் வரம்பைக் குறைத்துக்கொள்ளலாமே, சங்கத்திற்கு அது பாதுகாப்பல்லவா என்றார். அவர் தீய எண்ணத்தோடு கேட்கவில்லை. சங்கப் பணத்தின்மேல் உள்ள கவலையால் கேட்டார். ஆயினும் அந்த யோசனை ஒரு முறை நிறைவேறினால் மறுநாளே பேரேட்டில் ஒரு பெயரும் இராது. நோயை மறைத்தவர்க்குக் கடனும், ஒப்புக்கொண்டவர்க்குத் தண்டனையும் என்று ஆகிவிடும். கடன் பகுதிக்கும் இப்பேரேட்டிற்கும் எவ்விதத் தொடர்பும் இராதென்று துணைவிதியிலேயே எழுதப்படாவிட்டால், பேரேட்டைத் தொடங்காமலிருப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. இதில் நான் விட்டுக்கொடுப்பதற்கில்லை.

ஆண்டறிக்கையில் இனி எத்தனை பேருக்குச் சோதனை நடந்தது என்ற எண் வேண்டாம். பதிவானவர்களில் இவ்வாண்டு கால் பார்க்கப்பட்டவர் எத்தனை பேர், கண் பார்க்கப்பட்டவர் எத்தனை பேர், மருத்துவர் குறித்த எல்லைக்குள் எச்பிஏ1சி உள்ளவர் எத்தனை பேர், வந்து நின்றுபோனவர் எத்தனை பேர் என்ற நான்கு எண்களைக் கடன் நிலுவை விகிதத்திற்கு அடுத்த வரியில் அச்சிட வேண்டும். முதலாண்டு எண்கள் வெட்கப்படத் தக்கவையாகவே இருக்கும். இருந்தாலும் அவற்றை அச்சிட்டே ஆகவேண்டும்.

விரல் இழந்த பெரியவரைச் சென்ற மாதம் அவர் வீட்டில் கண்டேன். புண் ஆறிவிட்டது. அளத்திற்குப் போவதில்லை, மருமகள் போகிறாள். பேரேட்டில் முதற் பெயராகத் தம் பெயரை எழுதச் சம்மதம் என்று அவரே சொன்னார். இதை இங்கே எழுதவும் அவரது அனுமதி பெற்றேன்.

மாதிரிப் பேரேடு ஒன்று கோடிட்டுச் சங்க அலுவலகத்தில் காரியதரிசியிடம் வைக்கப்பட்டிருக்கிறது. துணைவிதித் திருத்தத்தின் நகலும் உடன் உள்ளது. அடுத்த பொதுச்சபைக் கூட்டத்திற்கு ஒரு வாரம் முன்பாக அங்கத்தினர்கள் அவற்றைப் பார்வையிட்டு, தங்கள் ஆட்சேபணைகளை எழுத்து மூலம் தரலாம். எழுத இயலாதவர்கள் வாயால் சொன்னால் குமாஸ்தா எழுதிக்கொள்வார்.